தொகுதி எல்லையும் எடைக்கல்லும்

தொகுதி மறுவரையறை என்றதும் தமிழகத்தில் எழும் கேள்வி ஒன்றே: நாடாளுமன்றத்தில் நமக்கு எத்தனை இடங்கள் குறையும்? நியாயமான கேள்விதான். ஆயினும் இடங்களின் எண்ணிக்கையில் ஒன்றுகூட மாறாமலேயே ஒரு சமூகத்தின் வாக்கைச் செல்லாக்காசாக்கிவிட முடியும். மாநிலத்துக்குள் எல்லைக் கோட்டைச் சற்றே வளைத்தால் போதும். அஸ்ஸாமில் 2023ஆம் ஆண்டு நடந்ததை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை என்பதே என் ஆதங்கம்.

அங்கே சட்டமன்றத் தொகுதிகள் முன்பும் 126, பின்பும் 126. ஆனால் வங்கமொழி பேசும் இந்துக்களும் முஸ்லிம்களும் ஏறக்குறையச் சரிபாதியாக வாழும் பராக் பள்ளத்தாக்கின் 15 தொகுதிகள் 13 ஆகச் சுருங்கின. எந்தக் கணக்கின்படி? 2001ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி. அதாவது, இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய கணக்கின்படி. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜம்மு காஷ்மீரில் 2011ஆம் ஆண்டின் கணக்கைக் கொண்டு தொகுதிகள் வரையப்பட்டன. ஒரே நாடு, ஓராண்டு இடைவெளி, இரு வேறு எடைக்கற்கள். சட்டம் அப்படித்தான் சொல்கிறது என்பார்கள். சொல்கிறது என்பது உண்மைதான். அந்தச் சட்டத்தை இயற்றியவர்களும் மனிதர்களே. அளவையில் மோசடி செய்வோரைக் கண்டித்து ஓர் அத்தியாயமே அருளப்பெற்ற சமுதாயம் நாம். நமக்கு இது புரியாத விஷயமன்று.

எடைக்கல்லோடு நிற்கவில்லை. மாவட்டங்களை மக்கள் அடர்த்தியின்படி மூன்று வகையாகப் பிரித்தார்கள். அடர்த்தி குறைந்த மாவட்டங்களில் குறைந்த மக்களுக்கு ஒரு தொகுதி. அடர்த்தி மிகுந்த மாவட்டங்களில் கூடுதல் மக்களுக்கு ஒரு தொகுதி. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் துப்ரி போன்ற மாவட்டங்கள் நெருக்கம் மிகுந்தவை. விளைவை நான் விளக்க வேண்டியதில்லை. 2002ஆம் ஆண்டின் எல்லை வரையறைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு நில அமைப்பு, நிர்வாக எல்லை, போக்குவரத்து, பொதுமக்கள் வசதி ஆகியவற்றைக் கருதச் சொல்கிறது. மக்கள் அடர்த்தி அங்கே இல்லை. நிர்வாக எல்லையும் என்னவாயிற்று? 2023 ஜனவரி 1 முதல் அதை மாற்றக் கூடாது என்று தேர்தல் ஆணையம் கூறியிருந்தது. முந்தைய நாளான டிசம்பர் 31 அன்று மாநில அரசு நான்கு மாவட்டங்களைக் கலைத்து அவற்றின் பழைய மாவட்டங்களோடு இணைத்தது!

காஷ்மீரின் கணக்கு இன்னும் எளிது. புதிதாக வந்த ஏழு தொகுதிகளில் ஜம்முவுக்கு ஆறு, பள்ளத்தாக்குக்கு ஒன்று. இன்று ஜம்முவில் ஏறத்தாழ 1.25 லட்சம் பேருக்கு ஒரு சட்டமன்ற உறுப்பினர். காஷ்மீரில் ஏறத்தாழ 1.46 லட்சம் பேருக்கு ஒருவர். மலைப்பகுதி, எல்லைப்பகுதி என்று காரணம் கூறப்பட்டது. மலை இரு பக்கமும் இருக்கிறது.

தனித்தொகுதி விவகாரத்தில் நம்மவர் சிலர் தடம் புரள்கிறார்கள். பட்டியல் சாதியினர் அதிகமாக வாழும் தொகுதிகள் பொதுவாக இருக்க, முஸ்லிம்கள் அதிகமாக வாழும் தொகுதிகள் தனித்தொகுதிகளாக்கப்படுவதை 2006ஆம் ஆண்டின் சச்சார் குழு அறிக்கை உத்தரப் பிரதேசம், பீகார், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களில் சுட்டிக்காட்டியது. முஸ்லிம்கள் பாதிக்கும் மேலாக வாழ்ந்த கரீம்கஞ்ச் மக்களவைத் தொகுதி நெடுங்காலம் தனித்தொகுதியாகவே இருந்தது. (2023ஆம் ஆண்டின் அதே ஆணைதான் அதைப் பொதுத்தொகுதியாக்கியது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.) இதை வைத்து இடஒதுக்கீட்டையே குறை சொல்பவர்கள் தலித் சகோதரர்களுக்கு அநீதி இழைக்கிறார்கள். அவர்கள் குறைவாக வாழும் இடத்தைத் தேர்ந்தால் இழப்பு அவர்களுக்கும்தான். பிழை சட்டத்தின் தளர்ச்சியில் இருக்கிறது. பழங்குடியினர் தொகுதிகள் அவர்கள் விகிதம் மிக அதிகமாக உள்ள இடத்தில் அமையும். பட்டியல் சாதியினருக்கோ, அதோடு மாநிலத்தின் பல பகுதிகளிலும் பரவலாக அமைய வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. பரவலாக்குவது எங்கே என்று தீர்மானிப்பவரின் கையில்தான் பேனா இருக்கிறது.

“முஸ்லிம்கள் வெல்லக்கூடிய தொகுதிகளை வரைந்து தாருங்கள்” என்று கேட்போரையும் என்னால் ஆதரிக்க இயலவில்லை. நமக்குச் சாதகமாகக் கோட்டை வளைக்கச் சொல்லிவிட்டு, பிறர் வளைக்கும்போது எந்த முகத்தோடு தட்டிக் கேட்பது? வரைபடத்துக்கு முன்பே விதி எழுதப்பட வேண்டும். ஆகப் புதிய கணக்கெடுப்பு எல்லா மாநிலங்களுக்கும் ஒன்றாக இருக்கட்டும். சராசரியிலிருந்து விலகும் ஒவ்வொரு தொகுதிக்கும், தனித்தொகுதியாக்கப்படும் ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் காரணம் தரட்டும். மாவட்ட எல்லைகள் ஓராண்டு முன்பே உறையட்டும்.

ஆணைய உத்தரவை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. குஜராத்தின் பர்டோலி தொகுதியைத் தனித்தொகுதியாக்கியது குறித்த வழக்கில், உத்தரவு வெளிப்படையாகவே தன்னிச்சையானதாகவும் அரசியல் சாசன விழுமியங்களுக்கு ஒவ்வாததாகவும் இருந்தால் நீதிமன்றம் ஆராயலாம் என்று 2024இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. கதவு திறந்திருக்கிறது, ஆனால் வழக்கு முடிவதற்குள் பல தேர்தல்கள் கடந்துவிடும்.

எனவே வரைவு வெளியாகும் நாட்களே முக்கியமானவை. தமிழகத்தின் 234 தொகுதிகளும் ஒருநாள் மீண்டும் வரையப்படும். அன்று நமது ஜமாஅத்துகள் கண்டனத் தீர்மானம் போடுவதோடு நின்றால் பயனில்லை. எந்த வார்டு, எந்த ஊராட்சி, எத்தனை பேர், எந்த ஆறு குறுக்கே ஓடுகிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கான கணக்கை இப்போதே திரட்டத் தொடங்கலாம். அஸ்ஸாமில் வரைவு 2023 ஜூன் 20 அன்று வெளியானது. ஆட்சேபங்களுக்கான கடைசி நாள் ஜூலை 11.