நல்லவன்தான், ஆனா...

சீரியல்னா டவுன்ல இருக்கிற நண்பர்களுக்கு ஒரு இளக்காரம். "மாமியார் சதி, மருமகள் அழுகை... இதைப் போயா பாக்கறீங்க?"ன்னு கேக்கறாங்க. எங்க தொட்டியம் பக்கம், வாழைக்கொல்லை வேலை முடிச்சு வர்ற பொம்பளைங்க சதியைப் பாக்க உட்காரலைங்க. நல்ல மனசை வச்சுக்கிட்டே தப்பு பண்ற மனுஷங்களைப் பாக்கத்தான் உட்கார்றாங்க.

2002-லிருந்து 2005 வரைக்கும் சன் டிவியில வந்த 'மெட்டி ஒலி'யை எடுத்துக்குங்க. திருமுருகன் இயக்கினது. டெல்லி குமார் நடிச்ச சிதம்பரம், அஞ்சு பொண்ணுகளுக்கு அப்பா. பொண்ணுங்க நல்லா இருக்கணும், அவருக்கு வேற நினைப்பே கிடையாது. ஆனா சம்பந்தி வீட்ல அப்பன் பணிஞ்சு போகப் போக, அங்க பொண்ணோட மதிப்பும்ல சேர்ந்து இறங்குது! சேத்தன் நடிச்ச மாணிக்கம், அம்மா பேச்சைத் தட்டாத பிள்ளை. ஊர்ல இதுக்குப் பேரு நல்ல குணம். அந்த நல்ல குணத்தால சீரழிஞ்சது பொண்டாட்டி சரோ.

2020 ஊரடங்குல மறுபடி போட்டப்பவும் ஜனங்க விடாம பாத்தாங்க. ஏன்? வில்லனைத் திட்டிட்டு டிவியை அணைச்சுடலாம். சிதம்பரமும் மாணிக்கமும் நம்ம வீட்லயே இருக்காங்களே! அவங்களை வெறுக்கவும் முடியாது, விடவும் முடியாது. அதனாலதான் மறுநாள் டீக்கடை வரைக்கும் பேச்சு ஓடுது.

"இப்படிப்பட்ட ஆம்பளைங்களைக் காட்டறதே தப்பு"ன்னு படிச்சவங்க சிலர் சொல்றாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். காட்டாம விட்டா அவங்க இல்லாம போயிடுவாங்களா? தப்பு வேற இடத்துல இருக்கு. வருஷக்கணக்கா பொண்டாட்டியை அழ வச்சவன் கடைசியில ரெண்டு சொட்டு கண்ணீர் விட்டா கணக்கு தீர்ந்ததுன்னு முடிக்கற சீரியல்களைக் கேளுங்க. அங்க கோபப்படுங்க, நானும் கூட வர்றேன்.

வாழைக்கு நாம ஆசையாத்தான் தண்ணி கட்டறோம். வடியாம தேங்கி நின்னா வேர் அழுகத்தான் செய்யும். நம்ம ஆசையை வேர் பாக்காது. மனுஷனும் அப்படித்தான். மனசைப் பாத்து அவன் மேல பிரியம் வைக்கலாம், தப்பு இல்ல. ஆனா செஞ்ச காரியத்துக்கு மனசு பதில் ஆகாது.

"பையன் தங்கம்ங்க, அம்மா சொன்னா அப்படியே கேப்பான்"னு தரகர் சொல்வாரு. சீரியல் பாத்து வளர்ந்த எங்க ஊரு பொம்பளைங்க இப்ப அடுத்த கேள்வி கேக்கறாங்க:

"பொண்டாட்டி சொன்னா?"