மணையும் கோபுரமும்

தரிசனம் முடிந்ததும் பிராகாரத்தில் சற்றே அமர்ந்து செல்வது நம் வழக்கம். இன்று முதியோர் பலர், திண்ணை உயரத்தில் ஏதேனும் இருக்கிறதா என்று தேடுகின்றனர். தரையில் அமர்ந்தால் எழ இயலாது என்னும் அச்சம்! கொடிமரத்தடியில் விழுந்து வணங்கியவர்கள், நின்றபடியே கைகூப்பி விடைபெறுகின்றனர். காரணம் கேட்டால் முழங்காலைக் காட்டுவார்கள். அங்கே தேய்மானம் இருக்கலாம். ஆனால், பழி முழுவதும் அதற்கே உரியதன்று.

இடுப்பு மூட்டு, கிண்ணத்தில் பந்து பொருந்தியது போன்ற அமைப்பு. நாற்காலியிலும் கட்டிலிலுமே காலம் கழிப்போர்க்கு, அது செங்கோண அளவைத் தாண்டி மடங்கும் தேவையே எழுவதில்லை. வழங்காத அசைவை உடல் மெல்லக் கைவிடுகிறது. பிறகு குனிவதற்கும் அமர்வதற்கும் முழங்காலும் கீழ்முதுகுமே ஈடுகொடுக்க வேண்டியிருக்கிறது. மேல்முதுகின் நிலையும் இதுவே. விலா எலும்புகள் இணையும் 12 முள்ளெலும்புகள் கூனிப் பழகிவிட்டால், கோபுரத்தை அண்ணாந்து நோக்கும் வேலை கழுத்தின்மீதே விழுகிறது. பிடரி வலிக்காமல் என்ன செய்யும்?

இந்த வயதில் இனி எதற்கு என்போர் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வாழ்ந்த, 90 வயதை ஒட்டிய 10 பேருக்கு 8 வாரங்கள் கால் தசைப் பயிற்சி அளித்து, அதன் முடிவை 1990-இல் வெளியிட்டனர். பயிற்சியை நிறைவு செய்த 9 பேரின் கால் வலிமை சராசரியாக இரு மடங்குக்கும் மேலாயிற்று. அது வலிமைக்கான பயிற்சிதான். எனினும் அளவைப் படிப்படியாக உயர்த்தும் அந்த முறை மூட்டுகளின் நெகிழ்வுக்கும் பொருந்தும். மாதந்தோறும் சிறு தொகை கட்டிச் சேமிப்பதைப் போன்றது. ஒரே நாளில் மொத்தமாகக் கட்ட முனைவோர் சுளுக்கோடு திரும்புவர்.

முதலில், சுவரோரம் இட்ட நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் 10 முறை எழுந்து அமர வேண்டும். ஓரிரு வாரங்களில் அது எளிதானபின், ஒரு மணையின்மேல் ஜமக்காளங்களை நழுவாதபடி மடித்து அடுக்கி, சம்மணமிட்டு அமரலாம். இரு வாரத்திற்கு ஒரு மடிப்பைக் குறைத்தால் போதும். மணை வரை இறங்கச் சில மாதங்கள் ஆனாலும் குறையில்லை. எழுவதில்தான் பலர் தவறுகின்றனர். நேராக எழ முயலாமல், ஒருபுறம் திரும்பி, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, ஒரு பாதத்தை முன்வைத்து, கனமான நாற்காலி ஒன்றைப் பற்றி எழுவதே நன்று. அந்த நாற்காலியை அமருமுன்பே அருகில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மேல்முதுகிற்கு, முதுகுச்சாய்வு தோள்பட்டை எலும்பின் கீழ்முனை வரை உள்ள நாற்காலி ஏற்றது. தலைக்குப் பின்னே கைகளைக் கோத்து, மூச்சை வெளியிட்டவாறே மெல்லப் பின்சாய்ந்து, 8 முறை மீளலாம். பிறகு கைகளை மார்பில் குறுக்காக வைத்து, இடுப்பை அசைக்காமல் இருபுறமும் திரும்பலாம். இவை பழகியபின், படுத்த நிலையில் சுருட்டிய துண்டொன்றைத் தோள்பட்டைகளின் கீழ் குறுக்காக வைத்து ஒரு நிமிடம் ஓய்ந்திருக்கலாம்.

இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டோரும் எலும்புத் தேய்வு உள்ளோரும் மருத்துவரைக் கேளாமல் தொடங்கலாகாது. மூச்சை அடக்குதல் யாருக்கும் வேண்டா. இழுப்பது போன்ற உணர்வு இயல்பே. சுருக்கென்ற வலி தோன்றினால் நிறுத்திவிட வேண்டும். மறுநாளும் வலி நீடித்தால் முந்தைய படிக்கே திரும்புவது நலம். மார்கழி விடியலில் உடல் இறுகியிருக்கும். வெந்நீரில் நீராடியபின் செய்வது எளிது.