வரிசையை விற்காதீர்கள்

"ஐம்பது வருடம் கழித்து ஒரு கேளிக்கைப் பூங்கா. நாளொன்றுக்கு ஐம்பதாயிரம் பேர் வருகிறார்கள். கூட்டத்தை எப்படிச் சமாளிப்பாய்?" பேரனுக்குக் கல்லூரியில் கொடுத்த கற்பனைப் பயிற்சி இது. அவனும் தோழர்களும் எழுதிய விடையைப் படித்துக் காட்டினான். வாசலிலேயே எல்லோர் கையிலும் ஒரு பட்டை கட்டிவிடுவார்களாம். தங்கப் பட்டைக்குக் காத்திருப்பே இல்லை. வெள்ளிப் பட்டைக்குப் பத்து நிமிடம். மற்றவர்கள் 'முறைப்படி' வரலாம்.

பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. உலகம் முழுக்க இன்று இதற்குத்தான் நிர்வாகம் என்று பெயர். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து, வெளியே நிற்கும் வரிசையைப் பார்த்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. ஒரு ராட்டினம் மணிக்கு 1,000 பேரை ஏற்றும் என்று வைத்துக்கொள்வோம். பணம் கட்டிய 600 பேரைத் தனி வழியில் விட்டால் மற்றவர்களுக்கு மிஞ்சுவது 400 இடம். ராட்டினம் ஒரு சுற்றுகூட அதிகம் சுற்றவில்லை. வெயிலில் நிற்கும் நேரம் ஒழியவில்லை, ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்கு மாறியது, அவ்வளவுதான்.

இரண்டாவது இதைவிட மோசம். காத்திருக்காமல் போவதற்கு ஒரு விலை வைத்துவிட்டால், காத்திருப்பு குறையாமல் இருப்பதில்தான் நிர்வாகத்துக்கு லாபம். பொது வரிசை பத்து நிமிடத்தில் நகர்ந்துவிட்டால் தங்கப் பட்டையை யார் வாங்குவார்? கவுண்டரில் மனு தேங்கினால்தான் வாசலில் நிற்கும் தரகருக்குப் பிழைப்பு என்பது நம் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். தரகர் செய்தால் அது ஊழல், பூங்கா செய்தால் அது 'சேவை' என்றால் என்ன நியாயம்?

இது கற்பனைப் பூங்காவின் கதை மட்டுமல்ல. கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்ட் 1955-ல் திறந்தது. நெடுங்காலம் அங்கே ஏ, பி, சி என்று வகை பிரித்த சீட்டுப் புத்தகம் விற்றார்கள். காசு கூடக் கொடுத்தால் கூடுதல் ராட்டினம் ஏறலாம், ஆனால் நிற்பது ஒரே வரிசையில்தான். 1999-ல் டிஸ்னி பூங்காக்களில் ஃபாஸ்ட்பாஸ் வந்தது. டாக்டரிடம் டோக்கன் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் நேரத்துக்குத் திரும்பி வருகிறோமே, அதே முறை. நுழைவுச் சீட்டு வாங்கிய எல்லோருக்கும் இலவசமாகவே தொடங்கினார்கள். நல்ல ஏற்பாடு என்பேன். 2021-ல் அமெரிக்காவில் அதை மூடிவிட்டு, சீக்கிரம் போக வேண்டுமானால் காசு என்றார்கள். பாரிசுக்குப் பக்கத்தில் உள்ள டிஸ்னி பூங்காவிலும் அதே வருடம் ராட்டினத்துக்கு இத்தனை யூரோ என்று தனி வழியை விற்கத் தொடங்கினார்கள். லிபெர்த்தே, எகாலித்தே, ஃபிரத்தெர்னித்தே என்று பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த நாட்டில் எகாலித்தேவுக்கு இன்று விலைப்பட்டியல்!

"விமானத்தில் முதல் வகுப்பு இல்லையா?" என்று கேட்பார்கள். இருக்கிறது. அகலமான இருக்கைக்குப் பணம் கொடுத்தவரும் பின்னால் உட்கார்ந்தவரும் ஒரே நேரத்தில்தான் போய் இறங்குகிறார்கள். பூங்காவில் விற்கப்படுவது இருக்கை அல்ல, இன்னொருவருடைய முறை. அது நிர்வாகத்தின் சொத்தே அல்ல, பிறகு எப்படி விற்கலாம்? முதியவர், கர்ப்பிணி, சக்கர நாற்காலியில் வருபவர் ஆகியோருக்குத் தனி வழி வேண்டும். அதை எந்த வரிசையும் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்ளும். தேவையைப் பார்த்து விடும் வழி அது.

எதிர்காலப் பூங்காவைப் பற்றிய கதைகளில் 1973-ல் வந்த 'வெஸ்ட்வேர்ல்ட்' படம் புகழ்பெற்றது. மைக்கேல் கிரைட்டன் எழுதி இயக்கியது. பிரெஞ்சில் அதற்கு 'மோன்வெஸ்ட்' என்று பெயர். டெலோஸ் என்ற பூங்காவில் நாளொன்றுக்கு ஆயிரம் டாலர். கூட்டப் பிரச்சினையே இல்லை, ஏழையை வாசலுக்கே வரவிடாமல் தீர்த்துவிட்டார்கள்! கட்டுப்பாட்டு அறையில் நிபுணர்கள் எல்லாவற்றையும் திரையில் பார்க்கிறார்கள். இயந்திர மனிதர்கள் பழுதாகி விருந்தினரைக் கொல்லத் தொடங்கியதும் மின்சாரத்தை நிறுத்துகிறார்கள். கதவுகள் பூட்டிக்கொள்கின்றன, நிபுணர்களே உள்ளே மூச்சுத் திணறிச் சாகிறார்கள். வெளியே இயந்திரங்கள் சேமிப்பு மின்சாரத்தில் நடமாடுகின்றன. உள்ளே இருப்பவர்கள் எப்படி வெளியேறுவார்கள் என்ற முதல் கேள்வியை யாரும் கேட்கவில்லை. வருமானத்தை மட்டும் எண்ணும் நிர்வாகம் வந்து சேரும் இடம் அதுதான்.

வேறு வழி இல்லையா? உண்டு, புதிய விஞ்ஞானமும் தேவையில்லை. காத்திருப்பவர்களின் கணக்கை டென்மார்க்கின் எர்லாங் 1909-லேயே தொலைபேசி இணைப்பகத்துக்காக எழுதிவிட்டார். பூங்கா தாங்கும் அளவுக்கு மட்டும் தேதி போட்டுச் சீட்டு விற்கட்டும். ராட்டினத்துக்கு நேரம் குறித்த டோக்கனை எல்லோருக்கும் ஒரே விதமாக, இலவசமாகக் கொடுக்கட்டும். பல கவுண்டர் இருந்தாலும் வரிசை ஒன்றாக இருக்கட்டும். எந்தக் கவுண்டர் காலியோ அங்கே அடுத்தவர் போனால், தவறான வரிசையில் மாட்டிக்கொண்டோம் என்ற எரிச்சல் இருக்காது. நிற்கும் இடத்தில் நிழல், தண்ணீர், பெஞ்சு, பக்கத்தில் கழிப்பறை. மின்சாரம் போனாலும் கையால் தள்ளினால் திறக்கும் கதவு. பணம் போதவில்லையென்றால் சாப்பாட்டிலும் தங்கும் அறையிலும் வசூலிக்கட்டும், நான் கேட்க மாட்டேன்.

கோயிலிலேயே சிறப்பு தரிசனச் சீட்டு வாங்கிப் பழகிவிட்ட நமக்கு இதெல்லாம் தவறாகவே படுவதில்லை. அதனால்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது. கலெக்டர் பிள்ளையும் கூலித் தொழிலாளி பிள்ளையும் ஒருவர் பின் ஒருவராக நிற்கும் இடங்கள் நாட்டில் ஏற்கெனவே குறைவு. மிச்சமிருப்பதையும் பட்டை போட்டு விற்க வேண்டாம். மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம், ஆனால் அந்த 1,000 பேர் கணக்குக்குப் பதில் சொல்லிவிட்டு மறுங்கள்.