நரம்பு வியாபாரம்

சேலத்திலிருந்து ராசிபுரம் வழியாக நாமக்கல் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், வழியிலுள்ள சுவர்களைப் படித்துக்கொண்டே போகலாம். கம்பி விளம்பரம், சிமெண்டு விளம்பரம், கட்சி விளம்பரம் எல்லாம் இருக்கும். அவற்றுக்கு நடுவே ஒரு கேள்வியும் இருக்கும்: 'நரம்புத் தளர்ச்சியா?' கீழே ஒரு டெலிபோன் நம்பர். இன்ன கிழமை இன்ன ஊர் லாட்ஜில் வைத்தியர் தங்குவார் என்ற தகவல். சுவரில் எழுதியது போதாதென்று இரவு பத்து மணிக்குமேல் டெலிவிஷனிலும் இதே கேள்வி வருகிறது. இப்போது பையன்களின் கைபேசிக்குள்ளும் புகுந்துவிட்டது.

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம். அந்தக் கோபத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுகிறேன். நான் வைத்தியன் அல்ல, கதை எழுதுகிறவன். ஆனால் ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மனிதர்களை எப்படி அழ வைக்கலாம், எப்படி நடுங்க வைக்கலாம் என்பது கதை எழுதுகிறவனுக்கும் கொஞ்சம் தெரியும்.

முதலில் வார்த்தையைப் பார்ப்போம். தமிழில் 'நரம்பு' என்றால் எது? யாழில் கட்டியிருப்பது நரம்பு. கையில் ஊசி போடும்போது, "நரம்பு கிடைக்கவில்லை" என்று நர்ஸ் சொல்கிறாரே, அது இரத்தக் குழாய். காலில் முடிச்சு முடிச்சாகப் புடைக்கும் நரம்புச் சுருட்டலும் இரத்தக் குழாய்தான். நரம்புச் சிலந்தி என்று நம் பாட்டன்மார் பயந்தது குளத்துத் தண்ணீரில் வந்த ஒரு புழு; அது இந்தியாவை விட்டே ஒழிந்துவிட்டதென்று 2000-ஆம் ஆண்டில் உலகச் சுகாதார ஸ்தாபனம் சான்று கொடுத்தது. இத்தனைக்கும் ஒரே பெயரை வைத்திருக்கிறோம். மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் புறப்பட்டு உடம்பெங்கும் செய்தி கொண்டுபோகிறதே, உண்மையான நரம்பு, அதற்கும் அதே பெயர்தான்.

இந்தக் குழப்பம்தான் வியாபாரிக்கு மூலதனம். யாழ் நரம்பு தளரும், முறுக்கினால் சரியாகும். உடம்பின் நரம்பு அப்படி முறுக்கேற்றிக் கட்டியதல்ல. ஆகவே தளர்வதற்கும் அதில் ஒன்றும் இல்லை. அதில் நடப்பது மின்சாரமும் ரசாயனமும் சேர்ந்த வேலை. நரம்பு இழையின் சுவரில் நுண்ணிய வாசல்கள் இருக்கின்றன. அவை திறந்து உப்பின் அணுக்கள் உள்ளே பாயும்போது ஒரு மின்துடிப்பு ஓடுகிறது. வேகமான இழைகளில் அது விநாடிக்கு நூறு மீட்டருக்கு மேல் செல்லும். இழையின் முனையில் ஒரு ரசாயனம் சுரந்து, அடுத்த நரம்புக்கோ தசைக்கோ செய்தியை ஒப்படைக்கிறது. மூளையில் மட்டும் சுமார் 8,600 கோடி நரம்பு அணுக்கள் இருக்கின்றன. லாட்ஜ் அறையில் நாடி பிடித்துப் பார்த்து, இதில் எது 'தளர்ந்தது' என்று அவர் கண்டுபிடித்துவிடுகிறாராம்!

இது நம் ஊரில் பிறந்த சரக்கென்றும் எண்ண வேண்டாம். 1869-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் பியர்டு என்ற டாக்டர் நரம்புப் பலவீனம் என்று பொருள்படும் ஒரு கிரேக்கப் பெயரைப் பரப்பினார். களைப்பு, தலைவலி, தூக்கமின்மை, ஆண்மைக் கவலை எல்லாவற்றையும் அந்த ஒரே மூட்டையில் கட்டினார். உலக வைத்திய சாஸ்திரம் அந்த மூட்டையை மெல்ல மெல்ல அவிழ்த்தது. 2022-ல் அமலுக்கு வந்த சர்வதேச நோய்ப் பட்டியலில் அதற்குத் தனி இடமே இல்லை. அங்கே கழித்துக் கட்டிய மூட்டையை இங்கே சுவரில் மாட்டி வைத்திருக்கிறோம்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன் பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறியில் ராத்திரி ஷிப்டு ஓட்டினான். கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது. சுவரைப் படித்தான். ஒரு லாட்ஜ் வைத்தியரிடம் போனான். "சின்ன வயதுப் பழக்கத்தால் தாது போய்விட்டது, இப்படியே விட்டால் கல்யாணத்துக்கு லாயக்கில்லை" என்றாராம் அவர். மாதம் தவறாமல் லேகியம் வாங்கினான். தறி முதலாளியிடம் வாங்கிய முன்பணம் லேகியத்துக்குப் போயிற்று. நிச்சயமாக இருந்த பெண்ணை வேண்டாமென்றான். காரணம் கேட்டதற்குத் தாயிடம்கூடச் சொல்லவில்லை. கடைசியில் அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் சோதித்துப் பார்த்து, உடம்பில் ஒரு கோளாறும் இல்லை, தூக்கமும் தைரியமும்தான் குறைவு என்று அனுப்பினார்.

கை ஏன் நடுங்கியது? பயந்தவன் உடம்பில் அட்ரினலின் சுரக்கும். அது சுரந்தால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், தூக்கம் வராது. விளம்பரம் சொல்லும் அறிகுறிகளும் இவையேதான். சுவரைப் படிக்கிறான், பயப்படுகிறான், பயத்தில் நடுங்குகிறான், நடுக்கத்தைப் பார்த்துச் சுவர் சொன்னது சரிதான் என்கிறான். நரம்பைப் பாதிக்கும் விஷங்களில் இந்தச் சுவரெழுத்தையும் சேர்க்க வேண்டும். தாது போய்விட்டதென்ற இந்தப் பயத்தையே ஒரு மனத்துன்பமாகக் கண்டு, 1960-ல் டாக்டர் என். என். விக் அதற்குப் பெயரிட்டார்.

"அப்படியானால் சித்த வைத்தியமே பொய்யா?" என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசாங்கச் சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வருஷக்கணக்காகப் படித்துப் பட்டம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். லாட்ஜ்காரரால் முதலில் பெயர் கெடுவது அவர்களுக்குத்தான். சட்டமும் இல்லாமலில்லை. 1954-ஆம் வருஷத்து ஆட்சேபகரமான மருந்து விளம்பரச் சட்டத்தின் அட்டவணையில் நரம்புத் தளர்ச்சி பெயர் சொல்லியே இருக்கிறது. அதைத் தீர்க்கும் என்று மருந்தை விளம்பரம் செய்தால் முதல் தடவை ஆறு மாதம் வரை சிறை. பதிவுபெற்ற வைத்தியர் தம் வைத்தியசாலை வாசலில் பலகை மாட்டிக்கொள்ளலாம். ஊர்ச் சுவரெல்லாம் அவர் வாசல் அல்ல.

இதைவிட எனக்கு வயிற்றெரிச்சல் தருவது வேறொன்று. இல்லாத நோய்க்கு இத்தனை சுவர் இருக்க, இருக்கிற ஆபத்துக்கு ஒரு சுவர் இல்லை. பருத்திக்கும் காய்கறிக்கும் பூச்சிமருந்து அடிக்கிறார்கள், மூக்கில் ஒரு துண்டுகூடக் கட்டாமல். நரம்பு முனையில் ரசாயனம் சுரக்கிறதென்றேனே, வேலை முடிந்ததும் அதைத் துடைத்தெடுக்க ஒரு நொதி உண்டு. சிலவகைப் பூச்சிமருந்துகள் அந்த நொதியையே முடக்கிவிடும். செய்தி நிற்காமல் ஓடும். கண்மணி சுருங்கும், எச்சில் வழியும், தசை துடிக்கும், மூச்சு நிற்கும். 1936-ல் ஜெர்மனியில் பூச்சிமருந்து தேடிய ஷ்ராடர் என்ற ரசாயனி கண்டெடுத்ததுதான் யுத்தத்துக்கான நரம்பு வாயு. அவ்வளவு நெருங்கிய உறவு!

குடியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நாமக்கல்லும் சேர்ந்திருந்த பழைய சேலம் ஜில்லாவில்தான் 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கினார். அதே சேலத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்கு 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலிருந்து விஷச் சாராயம் குடித்தவர்களைக் கொண்டுவந்தார்கள். அந்தச் சாராயத்துக்குப் பலியானவர்கள் அறுபதுக்கும் மேல். மெத்தனால் உடம்பில் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்குகிறது. பிழைத்தாலும் பார்வை போகலாம். சர்க்கரை வியாதி பாதத்து நரம்பைத் தின்கிறது. குஷ்டக் கிருமி தோல் நரம்பில் குடியேறி உணர்ச்சியில்லாத தேமலாக முதலில் தலைகாட்டுகிறது. அதற்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே மருந்து இருக்கிறது. இவற்றைச் சொல்லும் சுவர் எத்தனை பார்த்தீர்கள்?

சாதாரணக் களைப்புக்கும் காரணம் உண்டு: இரத்தச் சோகை, தைராய்டு, பி12 குறைவு, சர்க்கரை, தூக்கமில்லாத ஷிப்டு. ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்க்கலாம். 'தளர்ச்சி'யை மட்டும் சோதிக்க வழியில்லை. அதனால்தான் அது அவ்வளவு நன்றாக விற்கிறது.

வீடு வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் காம்பவுண்டுச் சுவரில் இந்தக் கேள்வியை எழுதிவிட்டுப் போனால் சுண்ணாம்பு அடித்து அழியுங்கள். வளர்ந்த பையன் இருக்கிற வீடென்றால், அவன் முகம் வாடும்போது, "உடம்புக்கு என்னடா?" என்று தகப்பனார் ஒரு தடவை வாய்திறந்து கேட்கட்டும். நாம் கேட்கக் கூச்சப்படுகிறோம். சுவருக்குக் கூச்சம் இல்லை, அது கேட்டுவிடுகிறது.