இரைச்சலுக்கு ஒரு பெயர்

பாட்டுக்குப் பெயர் வைப்பதில் நமக்கு என்றைக்குமே சிரமம் இருந்ததில்லை. பல்லவியின் முதல் இரண்டு சொற்களைச் சொன்னால் போதும். மெட்டு தானாகவே நாவில் வந்து உட்கார்ந்து கொள்ளும். ஆனால் பல்லவியே இல்லாத பாட்டாக இருந்தால்? ராகமில்லை, தாளமில்லை, சாகித்தியமும் இல்லை. கொல்லன் பட்டறையும் ரயிலடியும் ஒரே அறைக்குள் புகுந்துகொண்ட மாதிரி ஓசை மட்டும்தான் என்றால்? அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது?

சிரிக்காதீர்கள், நேயர்களே! இப்படியும் ஒரு சங்கீதம் உலகத்தில் இருக்கத்தான் இருக்கிறது. 'நாய்ஸ் மியூசிக்' என்று பெயர். இரைச்சல் இசை என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதற்கென்று உயிரை விடும் ரசிகர்களும் உண்டு. இந்த இசையில் நமக்குப் புரிகிற பாஷையில் பேசுவது பெரும்பாலும் தலைப்பு ஒன்றுதான். அது சரியாக அமையாவிட்டால், கேட்பவர் பாடு இருட்டறையில் விடப்பட்டவர் பாடுதான்.

இந்த விஷயத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் லூயிஜி ருஸ்ஸோலோ என்ற இத்தாலிய ஓவியர். 1913-ல் 'இரைச்சல்களின் கலை' என்று ஓர் அறிக்கை எழுதினார். அதோடு விட்டாரா? பெட்டியும் குழலுமாக விசித்திரமான கருவிகளைச் செய்து, 1914 ஏப்ரலில் மிலான் நகரில் கச்சேரியே வைத்துவிட்டார். கச்சேரியில் அடிதடி நடந்தது! ஆனால் அவருடைய உருப்படி ஒன்றின் பெயர் இன்றும் நிற்கிறது: 'ஒரு நகரத்தின் விழிப்பு.' படித்த மாத்திரத்தில் விடியற்காலைத் தெருவும், திறக்கிற கடைக் கதவும், வண்டிச் சக்கரமும் காதில் விழுகின்றன அல்லவா? கேட்கப் போகும் ஓசைக்கு ஓர் இடமும் நேரமும் கிடைத்துவிட்டன.

1948-ல் பாரிஸ் வானொலியைச் சேர்ந்த பியர் ஷாஃபர் ரயில் ஓசைகளைத் தட்டில் பதிவு செய்து, வெட்டிக் கோத்து ஓர் உருப்படி தயாரித்தார். பியானோ பயிலுகிறவர்கள் கை பழகுவதற்கு வாசிக்கும் உருப்படியை 'எத்யூட்' என்பார்கள். இவர் தம்முடையதற்கு 'ரயில்பாதை எத்யூட்' என்று பெயர் வைத்தார். புகைவண்டிக்குக் கோட்டு மாட்டிச் சபைக்கு அழைத்து வந்த மாதிரி!

பெயரில் பணமும் இருக்கிறது; மனஸ்தாபமும் இருக்கிறது. 1975-ல் அமெரிக்க ராக் பாடகர் லூ ரீட் 'மெட்டல் மெஷின் மியூசிக்' என்ற இரட்டை இசைத்தட்டை வெளியிட்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் கிதார்கள் ஒலிபெருக்கியின் முன் ஊளையிடுவதுதான் கச்சேரி. பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. நான்காம் பக்கத்தின் முடிவில் ஊசி ஒரே வளையத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். நாமாக எடுத்தால்தான் நிற்கும். வாங்கியவர்களில் பலர் கோபத்தோடு தட்டைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். ஏமாற்றிவிட்டார் என்கிறீர்களா? தலைப்பைத் திரும்பப் படியுங்கள்: உலோகம், யந்திரம், சங்கீதம். அது உள்ளதை உள்ளபடியே சொன்னது. அட்டையில் மேடைப் பாடகராக நின்ற படம்தான் வேறு கதை சொன்னது.

வேண்டுமென்றே பொய் சொல்லும் தலைப்பும் உண்டு. 1979-ல் இங்கிலாந்தின் 'த்ராபிங் கிரிஸில்' கோஷ்டியார் '20 ஜாஸ் ஃபங்க் கிரேட்ஸ்' என்று ஓர் இசைத்தட்டுப் போட்டார்கள். உள்ளே இருபது பாட்டும் இல்லை. ஆடத் தோன்றும் உற்சாகமும் இல்லை. அட்டையிலோ நால்வரும் பசும்புல் மேட்டில் சிரித்தபடி நிற்கிறார்கள். அந்த இடம் 'பீச்சி ஹெட்' என்ற கடலோரக் குன்று, தற்கொலைகளுக்குப் பேர்போனது. இது தெரிந்த பிறகு அந்தச் சிரிப்பைப் பார்த்தால் உடம்பு சில்லிடும். இந்தப் பொய் ஒரு விடுகதை. விடை தெரிந்ததும் பொய்க்கும் அர்த்தம் பிறக்கிறது.

ஜப்பானில் 'மெர்ஸ்போ' என்ற பெயரில் இயங்கும் மசாமி அகிதா நூற்றுக்கணக்கில் ஆல்பங்கள் வெளியிட்டிருக்கிறார். ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறியப் பெயரை விட்டால் வேறு கதி? 1996-ல் வந்த 'பல்ஸ் டெமன்' ரசிகர்கள் மனத்தில் நிற்கிறது. நாடித் துடிப்பு நமக்குத் தெரியும், பேயும் தெரியும். இரண்டையும் அடுத்தடுத்து உட்கார வைத்ததுதான் புதுமை. வங்கி உத்தியோகஸ்தரான தோஷிஜி மிக்காவாவின் 'இன்கபாசிடன்ட்ஸ்' கோஷ்டி இன்னும் எளிமை. 1995-ல் வந்த அவர்கள் ஆல்பத்தின் பெயருக்கு, 'முடிந்த மட்டும் உரக்க' என்று பொருள். கடையில் எழுதித் தொங்கவிட்ட விலைச்சீட்டு மாதிரி ஒளிவு மறைவே இல்லை!

இதற்கு மாறாக, ரத்தம், பிணம், கொலை என்று பயமுறுத்துகிற பெயர்களும் இந்தத் துறையில் ஏராளம். எல்லோரும் ஒரே மாதிரி கத்தினால் யார் குரல் காதில் நிற்கும்?

உங்களுக்கு ஒரு பரீட்சை சொல்கிறேன். இத்தகைய ஒலி ஒன்றை முதலில் பெயர் தெரியாமல் கேளுங்கள். பிறகு பெயரைத் தெரிந்துகொண்டு மறுபடி கேளுங்கள். இரண்டாம் தடவை அதே ஓசையில் முன்பு இல்லாத ஏதாவது கேட்டால், பெயர் வைத்தவர் கெட்டிக்காரர். ஒன்றுமே மாறவில்லையென்றால், அந்தத் தட்டுக்கு வெறும் எண்ணே போதுமானது.