பழைய ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் எரிவாயு இணைப்புகள் யார் பொறுப்பு?

வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் கிடங்கு வேலை பார்க்கும் நம் பிள்ளைகளில் பலர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார்கள். ஊரில் இருக்கும் தாயிடம் கேட்டால், "சாமான் தூக்கும் வண்டி ஓட்டுகிறான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த வண்டி எதில் ஓடுகிறது என்று எந்த வீட்டிலும் யாரும் கேட்பதில்லை. டீசலில் ஓடுவன உண்டு, மின்கலத்தில் ஓடுவனவும் உண்டு. இவற்றைத் தவிர, நம் அடுப்படியில் எரிகின்ற அதே வகை எரிவாயுவில் ஓடும் வண்டிகளும் உண்டு. அவற்றில் சிலிண்டர், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், ஓரடி இரண்டடித் தொலைவில், படுக்கவைத்துக் கட்டப்பட்டிருக்கும்.

நம்மிலேயே சிறு கிடங்கு, மொத்த வியாபாரம் நடத்துபவர்கள் இத்தகைய வண்டிகளைப் பழையதாக வாங்குகிறார்கள். அதில் தவறொன்றுமில்லை. ஜப்பானில் உழைத்து முடித்த டொயோட்டா வண்டிகளின் இன்ஜின் முறையாகப் பராமரித்தால் நெடுங்காலம் ஓடும். இரும்பு தாங்கும், ரப்பர் தாங்காது என்பதைத்தான் வாங்குபவர்கள் மறந்துவிடுகிறார்கள். எரிவாயு செல்லும் பாதை நெடுகிலும் ரப்பர் இருக்கிறது. இணைப்பியில் வளையம், அதற்கடுத்து குழாய், ரெகுலேட்டருக்குள் டயாபிரம் எனப்படும் மெல்லிய தகடு. வண்டிக்குப் பெயின்ட் அடித்து, டயர் மாற்றி விற்கும் வியாபாரி இவற்றில் எதையும் தொடுவதில்லை, ஏனெனில் இவை கண்ணுக்குத் தெரிவதில்லை.

வீட்டுச் சிலிண்டரை அறிந்தவர்கள் ஃபோர்க்லிஃப்ட் சிலிண்டரையும் அறிந்ததாக நினைத்துக்கொள்ளக் கூடாது. எடையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. நம் வீட்டில் 14.2 கிலோ, அங்கே பரவலாகக் காணப்படுவது 15 கிலோ அளவு. ஆனால் வீட்டுச் சிலிண்டரின் மேற்பகுதியிலிருந்து ஆவி வருகிறது. ஃபோர்க்லிஃப்ட் சிலிண்டரிலிருந்து திரவம் வருகிறது. புரொப்பேன் திரவம் ஆவியாகும்போது ஏறத்தாழ 270 மடங்கு விரிவடையும். ஆகவே ஊசிமுனை அளவு கசிவானாலும், வீட்டில் கசிவதைக் காட்டிலும் பன்மடங்கு எரிவாயு அங்கே வெளியேறும். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானதாகையால் அது மேலே எழாமல் தரையோடு படர்ந்து, பள்ளத்திலும் கால்வாயிலும் தேங்கும். காற்றில் 2 விழுக்காட்டைச் சற்றே தாண்டினாலே தீப்பற்றப் போதுமானது. இன்னொன்று, அந்தத் திரவத்தின் கொதிநிலை கழித்தல் 42 டிகிரி. கையில் பட்டால் தோல் வெந்ததுபோல் ஆகிவிடும். சிலிண்டர் மாற்றும்போது கையுறை கேட்பவனைக் கேலி செய்யும் மேற்பார்வையாளர்கள் இதை ஒருமுறை சிந்திக்கட்டும்.

சிலிண்டர் மாற்றும் இணைப்பியிலிருந்து தொடங்குவோம், ஏனெனில் நாள்தோறும் கை படுவது அங்கேதான். அதனுள் இருக்கும் சிறு ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா, தட்டையாகியிருக்கிறதா, இருக்கிறதா இல்லையா என்பதை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். இணைப்பியைக் கையால்தான் இறுக்க வேண்டும். ஸ்பேனர் போட்டால்தான் கசிவு நிற்கிறது என்றால், வளையமோ மரையோ கெட்டுவிட்டது என்று பொருள். பலர் அங்கே வெள்ளை டெஃப்லான் நாடாவைச் சுற்றிச் சமாளிக்கிறார்கள். அந்த நாடாவின் துணுக்கு உதிர்ந்து உள்ளே போய் அடைப்பானில் சிக்கினால், மூட வேண்டிய நேரத்தில் அது மூடாது. குழாயின் மேல் எல்பிஜிக்கு உரியது என்ற அச்சு இருக்க வேண்டும். வெடிப்பு, தேய்மானம், உள் பின்னல் தெரிதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் மாற்றிவிட வேண்டியதுதான். வீட்டு அடுப்பின் ஆரஞ்சு நிறச் சுரக்ஷா குழாயையே ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். நாள் முழுதும் அதிர்ந்துகொண்டும், இன்ஜின் சூட்டில் வெந்துகொண்டும் இருக்கும் குழாய்க்கு நாம் அதைவிடக் கூடுதல் ஆயுளை எதிர்பார்ப்பது எந்த நியாயத்தில்?

படுக்கவைத்த சிலிண்டரின் விளிம்பில் ஒரு துளையும், அது பொருந்துவதற்கு வண்டியில் ஒரு முளையும் இருக்கும். அழுத்தம் மிகுந்தால் திறந்துகொள்ளும் பாதுகாப்பு வால்வு மேற்புறமாக, ஆவி இருக்கும் பகுதியில் அமைய வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. பழைய வண்டிகளில் முளை உடைந்துபோயிருக்கும். சிலிண்டரை உருட்டி, தோன்றிய திசையில் வைத்துப் பட்டையை மாட்டிவிடுவார்கள். அப்போது அந்த வால்வு திறந்தால் ஆவிக்குப் பதில் திரவமே பீறிடும். முளையைப் பற்றவைத்துச் சரிசெய்ய ஒரு மணி நேரம்கூட ஆகாது. எரிவாயுவை அகற்றிவிட்டு, வண்டியை வெளியே கொண்டுசென்று செய்ய வேண்டிய வேலை என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

சிலிண்டர் வால்வை வேகமாகத் திறந்தால் இன்ஜின் கிளம்பாமல் அடம்பிடிப்பதை ஓட்டுநர்கள் அறிவார்கள். மிகையோட்டத்தைத் தடுக்கும் வால்வு, குழாய் அறுந்துவிட்டது என்று எண்ணித் தானாக மூடிக்கொள்வதே காரணம். மூடி, சற்றுப் பொறுத்து, மெதுவாகத் திறந்தால் சரியாகிவிடும். பொறுமையில்லாத மெக்கானிக்குகள் அந்த வால்வையே எடுத்துவிடுவதுண்டு. அதே சமயம் அதை நம்பி அசட்டையாக இருப்பதும் பிழை. குழாய் முற்றிலும் அறுந்தால் அது காக்கும், சிறு கசிவை அது உணரவே உணராது. சிறு கசிவுக்குச் சோப்பு நீரும் நம் மூக்கும்தான் காவல். பாத்திரம் கழுவும் எல்லாத் திரவமும் இதற்கு ஆகாது; அம்மோனியா கலந்தவை பித்தளையில் நாளடைவில் வெடிப்பை உண்டாக்கும். தீக்குச்சியால் சோதிப்பவர்களைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

இதற்கடுத்த அடைப்பான்தான் பழைய வண்டிகளில் மிகுதியாகச் சீர்கெடுக்கப்படுவது. இன்ஜின் ஓடாதபோது, சாவி திருகியே இருந்தாலும், எரிவாயுவை நிறுத்திவைப்பது அதன் வேலை. அது பழுதானால் புதிதாகப் போடாமல், மின்கம்பியை நேரடியாக இணைத்து எப்போதும் திறந்திருக்கும்படி செய்துவிடுகிறார்கள். வண்டி ஓடுகிறது, முதலாளிக்கு மகிழ்ச்சி. ஆனால் அன்று முதல், ஓட்டுநர் சாவியை நிறுத்த மறந்து தேநீர் அருந்தப் போனாலும் எரிவாயு போய்க்கொண்டே இருக்கக்கூடும். பழைய வண்டி வாங்குபவர் நம்பகமான மெக்கானிக்கைக் கொண்டு முதலில் சோதிக்க வேண்டியது இதைத்தான். வேலை முடிந்ததும் சிலிண்டர் வால்வை மூடி, குழாயில் மிஞ்சியது தீர்ந்து இன்ஜின் தானே நிற்கும்வரை ஓடவிடும் பழக்கம் நல்லது. இரண்டு அடைப்புகளுக்கு நடுவே திரவம் சிறைப்பட்டு வெயிலில் சூடேறினால் அழுத்தம் அபாயகரமாக உயரும்.

ரெகுலேட்டர் திரவத்தை ஆவியாக்குவது ரேடியேட்டர் நீரின் சூட்டைக் கொண்டுதான். இன்ஜின் சூடேறிய பிறகும் அதன் மேல் வெண்பனி படிந்தால், நீர் குறைந்திருக்கிறது அல்லது அங்கே சுற்றவில்லை என்று அறியலாம். இணைப்பியின் மேல் பனி படிந்தால் அங்கே கசிகிறது. இவ்வளவு வெளிப்படையாகப் பேசும் இயந்திரம் வேறெதுவும் எனக்குத் தெரியாது.

பனி காட்டிக்கொடுக்காத ஆபத்து ஒன்றுண்டு. டயாபிரம் விறைத்து, காற்று வடிகட்டியும் அடைத்துப்போனால் இன்ஜினுக்கு எரிவாயு மிகுந்து, காற்று குறையும். அப்போது புகையில் கார்பன் மோனாக்சைடு பெருகும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி எட்டு மணி நேரத்துக்கு அனுமதிக்கும் அளவு, காற்றில் பத்து லட்சத்தில் 50 பங்குதான். குளிரூட்டப்பட்டு, கதவடைத்த கிடங்கில் கெட்ட ரெகுலேட்டர் உள்ள ஒரு வண்டி அதை எளிதில் தாண்டும். தலைவலி, குமட்டல், மயக்கம் ஆகியவை அறிகுறிகள். கோடையில் இவை அனைத்தும் "வெயில் ஒத்துக்கொள்ளவில்லை" என்ற ஒரே சொல்லில் அடங்கிப்போகின்றன. கிடங்குக்குள்ளேயே வேலை செய்பவனுக்கு ஏது வெயில்?

இனி என் கருத்துக்கு வருகிறேன். கசிவை முதலில் அறிபவன் ஓட்டுநர். அதைச் சொன்னால் வண்டி நிற்கும், வண்டி நின்றால் அவனுக்கு அன்றைய கூலியோ மிகைநேரமோ போகும், மேற்பார்வையாளரின் கடுஞ்சொல்லும் சேரும். இந்நிலையில் "ஓட்டுநர் கவனமாக இருக்க வேண்டும்" என்று சுவரில் எழுதி ஒட்டுவது பொறுப்பைக் கைகழுவுவதேயன்றி வேறில்லை. வாசனை வந்தால் வண்டியை நிறுத்தி வெளியே வைக்கும் அதிகாரம் அவனுக்கு எழுத்தில் தரப்பட வேண்டும். அன்றைய ஊதியமும் குறையக் கூடாது. நம் கிடங்கில் வேலை செய்பவனின் உயிர் நம்மிடம் உள்ள அமானிதம் என்று மேடையில் பேசும் முதலாளி, அதைக் கணக்குப் புத்தகத்திலும் காட்டட்டும். விபத்துக்குப் பின் "நாட்டம் அப்படி" என்று சொல்லி ஜனாஸாவில் முன்வரிசையில் நிற்பது எளிது. அதற்கு முன் வளையத்தையும் குழாயையும் மாற்றியிருந்தாரா என்பதுதான் என் கேள்வி. செலவு என்று அவர்கள் சொல்லலாம். வளையமும் குழாயும் டயாபிரத் தொகுப்பும் சேர்ந்தாலும், அந்த வண்டிக்கு ஒரு ஜோடி டயர் போடும் செலவை எட்டுவது அரிது.

வீட்டிலிருப்பவர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. பிள்ளை தொலைபேசியில் மாலைதோறும் தலைவலி என்றும், விடுமுறை நாளில் மட்டும் நன்றாக இருக்கிறது என்றும் சொன்னால், மாத்திரை போட்டுக்கொள் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். வண்டி எரிவாயுவில் ஓடுகிறதா, கிடங்கின் கதவு திறந்திருக்கிறதா, உடன் வேலை செய்பவர்களுக்கும் தலை வலிக்கிறதா என்று கேளுங்கள்.