சாவி தொலைஞ்சிடுச்சா?

ஊரிலிருந்து பெரியவங்க தில்லிக்கு வந்தா நம்ம எல்லார் வீட்டுலயும் ஒரே டூர் தான். செங்கோட்டை, இந்தியா கேட், மலை மந்திர், ஒரு நாள் ஆக்ரா. போன மாசம் அப்பாவை குதுப் மினாருக்குக் கூட்டிட்டுப் போனேன். மனுஷன் இந்த வயசுலயும் திருச்சி மலைக்கோட்டையில நானூத்திச் சொச்சம் படி ஏறி உச்சிப் பிள்ளையாரைப் பாக்கறவர். அண்ணாந்து பாத்துட்டு, "ஏன்டா, மேல ஏற விடமாட்டாங்களா?"ன்னார்.

"1981ல பூட்டினதுப்பா."

"நாப்பது வருஷத்துக்கு மேலயா? சாவி தொலைஞ்சிடுச்சா?"

சிரிச்சுட்டேன். ஆனா காரணம் சிரிக்கிற விஷயமில்லை. 1981 டிசம்பர் 4ம் தேதி உள்ளே முன்னூறு பேருக்கு மேல இருந்தப்போ விளக்கு அணைஞ்சது. குறுகலான சுழல் படிக்கட்டு, கும்மிருட்டு, நெரிசல். 45 பேர் செத்தாங்க. பெரும்பாலும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க.

சரி, தப்பு யார் மேல? எண்ணூறு வருஷமா நிக்கிற படிக்கட்டு மேலயா? அத்தனை பேரை ஒரே நேரத்துல உள்ள விட்டது யாரு? கரண்ட் போனா எரியற மாதிரி மாத்து விளக்கு ஏன் இல்லை? இந்தக் கேள்விக்கெல்லாம் வேலை செஞ்சு பதில் சொல்லணும். பூட்டு வாங்கறது அதைவிட சுலபம். அந்தப் பிள்ளைங்க பேரைச் சொல்லி இன்னிக்கும் பூட்டை நியாயப்படுத்தறது தான் எனக்குக் கோபம்.

இத்தாலியில பைசா கோபுரம். சாஞ்சுக்கிட்டே இருந்த கட்டடம். 1990ல மூடினாங்க. அடிமண்ணைச் சரி பண்ணி, சாய்வைக் கொஞ்சம் குறைச்சு, 2001ல திறந்துட்டாங்க. இப்போ நேரம் குறிச்ச டிக்கெட்டு, சின்னச் சின்னக் குழு, அவ்வளவு தான். அட, அவ்வளவு தூரம் எதுக்கு? ஐதராபாத்ல சார்மினாரோட முதல் தளத்துக்கு டிக்கெட் கொடுத்து ஏத்தறது இதே தொல்லியல் துறை தானே?

72.5 மீட்டர் உச்சி வரைக்கும் நான் கேக்கல. தற்கொலை பயம் இருக்கு, கல்லுக்கும் வயசாச்சு, ஒத்துக்கறேன். முதல் மாடம் போதும். கம்பி வலை போடுங்க, இருபது பேரை மட்டும் ஏத்துங்க, அவங்க இறங்கினப்புறம் அடுத்த இருபது.

ஏன் அங்கேர்ந்தே பாக்கணும்னு கேப்பீங்க. கீழ நின்னா அந்த வளாகம் வெறும் தூணும் இடிஞ்ச சுவருமா குழப்பமாத் தான் தெரியும். உயரத்துலேர்ந்து பாத்தா தான் குத்புதீன் கட்டின மசூதி, அதைச் சுத்தி இல்டுமிஷ் விரிச்சது, அதையும் சுத்தி அலாவுதீன் கில்ஜி இழுத்த எல்லைன்னு ஒண்ணுக்குள்ள ஒண்ணு புரியும். குதுப்பைப் போல ரெண்டு மடங்கு உயரத்துக்கு அலாவுதீன் ஆரம்பிச்ச அலாய் மினார், அவர் செத்ததும் சுமார் 25 மீட்டர்லயே நின்னு போச்சு. கீழேர்ந்து பாக்கறவங்க அதை ஏதோ கல் குவியல்னு நினைச்சு முதுகு காட்டி செல்ஃபி எடுத்துட்டுப் போறாங்க.

இதைச் சொன்னா ஆபீஸ்ல ஒரு நண்பர், "துபாய் மாதிரி ஒரு கண்ணாடி டவர் கட்டினா எல்லாமே தெரியுமே"ங்கறார். ஐயா, புர்ஜ் கலீஃபாவோட 124வது மாடி மாதிரி நம்மூர்ல கட்டினா, பனிமூட்டமும் புகையுமா இருக்கற ஜனவரியில எதைப் பாப்பீங்க? கோடி கோடியாக் கொட்டி ஒரு புது உயரம் வேணும், இருக்கற கோபுரத்துக்கு நாலு மாத்து விளக்கு போட மட்டும் மனசு வராது!

நாங்க புல்தரையில உக்காந்திருந்தப்போ பாலத்துக்கு இறங்கற விமானம் ஒண்ணு மினாருக்கு மேல தாழப் பறந்துச்சு. அப்பா அதையே பாத்துட்டு இருந்தார்.

"அடுத்த தடவை ரயில் வேணாம்டா. ப்ளேன்ல போடு. ஜன்னல் சீட்டு."